சப்வூஃபர் பாக்ஸ் ஓட்டைக்குக் கணக்கு தந்த டாக்டர்... யார் இந்த ஹெல்ம்ஹோல்ட்ஸ்?

கார் டிக்கியில் இருக்கும் பல சப்வூஃபர் பாக்ஸ்களில் ஒரு குழாய் ஓட்டையைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் போர்ட். அதன் அளவு தப்பினால் பேஸ் கெடும், சில சமயம் ஸ்பீக்கரே கிழியும். அந்த அளவைச் சொல்லும் கணக்கின் வேர், கார் வருவதற்கு முன்பே ஜெர்மனியில் ஒரு டாக்டர் போட்டது!

ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1821-ல் போட்ஸ்டாமில் பிறந்தார். அப்பா பள்ளி ஆசிரியர். மகனுக்கு இயற்பியல் மீதுதான் ஆசை. ஆனால், படிக்க வைக்க வீட்டில் காசு இல்லை. பெர்லினில் ராணுவ மருத்துவப் படிப்பு இலவசம். பதிலுக்கு, படித்து முடித்ததும் ராணுவ டாக்டராக வேலை பார்க்கணும். வேறு வழியில்லாமல் அதில் சேர்ந்தார்.

ஆசையை மட்டும் விடவில்லை. ராணுவப் பணியில் இருந்தபடியே, 1847-ல் ஆற்றல் அழியாது என்ற விதியைக் கணித ரீதியாக எழுதினார். அப்போது 26 வயதுகூட ஆகவில்லை. அடுத்த ஆண்டே பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். 1851-ல், கண்ணுக்குள் விழித்திரையைப் பார்க்கும் கருவியை உலகுக்குச் சொன்னார். கண் டாக்டர்கள் இன்றும் அந்த வகைக் கருவியைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

பாட்டிலுக்குள் பேஸ்

அடுத்து காது பக்கம் திரும்பினார். காலி பாட்டில் வாயில் ஊதினால் ‘பூம்’ என்று ஒரே சுருதி வருமில்லையா? கழுத்தில் இருக்கும் காற்று எடைக்கல் மாதிரி, உள்ளே இருக்கும் காற்று ஸ்பிரிங் மாதிரி. இரண்டும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட வேகத்தில் அதிரும். கழுத்தின் அகலம், நீளம், உள்ளே உள்ள கொள்ளளவு ஆகிய மூன்றும்தான் அந்தச் சுருதியைத் தீர்மானிக்கின்றன. இப்படிக் காற்று அதிர்வதை அவர் 1860-ல் கணக்காகவே ஆராய்ந்தார். வெவ்வேறு அளவில் உள்ளீடற்ற உருண்டைகள் செய்து, காதில் பொருத்தி, ஒலியைச் சுருதி சுருதியாகப் பிரித்துக் கேட்டார். 1863-ல் அதைப் புத்தகமாக எழுதினார்.

உங்கள் பாக்ஸில் என்ன நடக்குது?

பாட்டில்தான் பாக்ஸ், கழுத்துதான் போர்ட். 50 லிட்டர் பாக்ஸை 35 ஹெர்ட்ஸுக்கு ட்யூன் செய்வதாக வைத்துக்கொள்வோம். 7.5 செ.மீ. விட்டமுள்ள குழாய்க்குச் சுமார் 16 செ.மீ. நீளம் போதும். 10 செ.மீ. என்றால் 31 செ.மீ. வேண்டும். 15 செ.மீ. என்றால் சுமார் 75 செ.மீ.! பாக்ஸுக்குள் அடங்காது. சரி, சின்னதே போதும் என்று விட்டால், சத்தம் கூட்டும்போது காற்று வேகமாகப் பாய்ந்து ‘புஸ்... புஸ்...’ என்று சீறும். பெரிய குழாயை நீளம் கூட்டாமல் மாட்டினாலோ ட்யூனிங் மேலே ஏறிவிடும். அந்த அளவுக்குக் கீழான பேஸில் கூம்புக்குக் காற்றின் பிடி இருக்காது. அது எல்லை மீறி ஆடி, கிழியவும் வாய்ப்பு உண்டு.

அதனால் முதலில் கொள்ளளவு, அடுத்து ட்யூனிங், பிறகு சீறாத அளவுக்கு அகலம். கடைசியில் வருவதுதான் நீளம்.

பின்னாளில் பெர்லினில் இயற்பியல் பேராசிரியரான ஹெல்ம்ஹோல்ட்ஸ், 1894-ல் காலமானார். ஸ்பீக்கர் பெட்டியில் போர்ட் வைக்கும் முறைக்கு, பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் துராஸ் 1932-ல்தான் காப்புரிமை பெற்றார். ட்யூனிங்கை அளக்கிறோமே ஹெர்ட்ஸ், அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரான ஹைன்ரிஹ் ஹெர்ட்ஸ், ஹெல்ம்ஹோல்ட்ஸின் மாணவர்.