துப்பாக்கித் தொழில் வல்லார் ஜோசப் மான்டன்

அரசராலும் புலவராலும் போர்வீரராலும் ஒரு நாடு பெருமை எய்துதல்போலக் கைத்தொழில் வல்லாராலும் பெருமை எய்தும். ஆயினும் முன்னவர் சரிதங்களை நம் பிள்ளைகட்குச் சொல்லுமளவு பின்னவர் சரிதங்களை யாம் சொல்லுவதில்லை. அக்குறையைச் சிறிது போக்கக் கருதி, இங்கிலாந்து தேசத்துத் துப்பாக்கித் தொழிலாளர் அனைவர்க்கும் ஆசானாய் விளங்கிய ஜோசப் மான்டன் என்பாருடைய வரலாற்றை ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

இவர் 1766-ஆம் ஆண்டில் லிங்கன்ஷயர் நாட்டுக் கிரந்தம் என்னும் ஊரிற் பிறந்தவர். இவருடைய தமையனார் ஜான் மான்டன் என்பவர் 1781-இல் லண்டன் மாநகரில் டோவர் தெருவில் துப்பாக்கிப் பட்டறை அமைத்துப் புகழ்பெற்றவர். தம்பியார் அவரிடம் தொழில் பயின்று, பின்னர் டேவிஸ் தெருவில் தமக்கென ஒரு பட்டறை தொடங்கினார். சின்னாளில் தமையனார் புகழையும் விஞ்சினார்.

அக்காலத்துப் பறவை வேட்டைக்குரிய இரட்டைக்குழல் துப்பாக்கி கனமுடையது. வாய்வழியே மருந்தும் ஈயச் சன்னங்களும் கெட்டித்து, சிக்கிமுக்கிக் கல்லின் பொறியால் வெடிக்கச் செய்வர். மேலெழும் பறவையைக் குறிபார்த்தால் சன்னங்கள் அதன் கீழே சென்றுவிடும். மான்டன் இரு குழல்களின் நடுவே மேற்புறத்தில், பின்பக்கம் உயர்ந்து முன்பக்கம் தாழ்ந்த ஒரு பட்டையை அமைத்தார். அதன்வழியே கண்ணோட்டிச் சுடுங்கால் குழல் தானே சிறிது நிமிர்ந்து நிற்கும், குறியும் தப்பாது. இதற்கு 1806-இல் அரசினரிடம் தனியுரிமை பெற்றார். எடை குறைதல், கைக்கு அடங்குதல், உறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்துதல் ஆகிய மூன்றிலும் அவர் பட்டறைத் துப்பாக்கிக்கு நிகரில்லை என்று வேட்டைப் பிரியர் கொண்டாடினர்.

அந்நாளைய குழல்கள் வார்த்தெடுத்தவை அல்ல. இரும்பையும் எஃகையும் மாறிமாறி அடுக்கிக் காய்ச்சி ஒன்றாக்கிச் சலாகையாக இழுப்பர். அச்சலாகையைக் கயிறுபோல் முறுக்குவர். முறுக்கிய சலாகைகளை இணைத்துப் பட்டையாக்கி, ஓர் இருப்புத் தண்டின்மேற் கொடிபோலச் சுற்றி, மீண்டும் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்து ஒட்டுவர். உள்ளே கடைந்து புறத்தே அமிலம் தடவினால், இருவகை உலோகமும் இருவேறு நிறங்காட்ட, நீரலை போன்ற வரிகள் தோன்றும். இதுவே டமாஸ்கஸ் குழல். டமாஸ்கஸ் வாளுக்கு நம் தென்னாட்டு உருக்கு கடல் கடந்து சென்றது உண்மையே. எனினும் வாளின் வரி உருக்கினுள்ளேயே விளைவது. குழலின் வரி கொல்லன் கையால் முறுக்கி அமைப்பது. பெயரும் தோற்றமும் ஒத்தனவேயன்றிச் செய்முறை வேறு.

துளையின் அளவைக் கூறும் முறையும் அறியத்தக்கது. ஒரு ராத்தல் ஈயத்தைப் 12 சம உருண்டைகளாக்கினால் அவற்றுள் ஒன்று நுழையும் துளை 12 இலக்கம். ஆகவே இலக்கம் பெருகப் பெருகத் துளை சிறுக்கும். மான்டன் செய்தவற்றுள் 22 இலக்கத்தனவும் உள. இத்தகைய சிறுதுளை இரட்டைக்குழல்களை இற்றைக்கும் பழம்பொருள் சேகரிப்போர் தேடிப் பெறுகின்றனர். குழலின் வரி தேயாதிருக்கின்றதா, கட்டை மூலக்கட்டைதானா, பெட்டியும் துணைக்கருவிகளும் உடனுளவா என்று ஆராய்ந்து மதிப்பிடுவர். ஒட்டுவாய்களில் மறைந்த பழுதிருக்கக் கூடுமாதலின், தக்கார் சோதியாமல் அவற்றைச் சுடுதல் தகாது. இக்காலத்துப் புகையிலா மருந்திடுதல் பெருந்தீங்காய் முடியும்.

இத்துணைத் திறமுடையார் செல்வராய் வாழ்ந்தாரல்லர். பீரங்கிக் குண்டுக்கு அவர் கண்ட ஒரு புதிய அமைப்புப் பற்றிப் படைத்துறையினரோடு பூசல் விளைந்தது. அவர் எதிர்பார்த்த பெரும்பொருள் கிட்டவில்லை. அடியால் வெடிக்கும் மருந்தைத் துப்பாக்கிக்குப் பயன்படுத்தும் முறைக்கு ஃபோர்சைத் என்னும் ஸ்காத்லாந்து தேசத்துப் பாதிரியார் 1807-இல் தனியுரிமை பெற்றிருந்தார். மான்டன் 1816-இலும் 1818-இலும் அவ்வழியில் தாமும் புதிய பொறிகளை அமைக்கவே, பாதிரியார் வழக்குத் தொடுத்து வென்றார். இவ்வாறு ஆராய்ச்சியிலும் வழக்கிலும் பொருள் கரைந்தொழிய, 1826-இல் மான்டன் கடனிறுக்கவியலாதவராய்ப் பட்டறையை இழந்தார். ஆக்ஸ்போர்டு தெருவில் அவரிருந்த அவ்விடத்திற்கே குடிபுகுந்தவர் யாரெனின், முன்பு அவரிடம் கட்டை வேலை செய்த ஜேம்ஸ் பர்டி என்பவரே! காலத்தின் கோலம் இருந்தவாறு என்னே!

ஆயினும் அம்மாணாக்கர் ஆசானை இகழ்ந்தாரல்லர். மான்டன் இல்லாதிருப்பின் தாமனைவரும் வெறுங் கொல்லராகவே இருந்திருப்போம் என்று பர்டி கூறியதாகச் சொல்லுவர். பர்டி, தாமஸ் பாஸ் முதலிய பெரும்புகழ்த் தொழிலாளர் அப்பட்டறையின் வழிவந்தோரே. மான்டன் குடும்பத்தார் பெயர் 1825-இல் கல்கத்தா நகரில் தொடங்கிய கடையின் வாயிலாக இந்திய நாட்டிலும் பரவியது. 1835-இல் மான்டன் காலமாகிக் கென்சல் கிரீன் இடுகாட்டில் அடக்கமானார். வேட்டை நூல் எழுதிய பீட்டர் ஹாக்கர் என்னும் படைத்தலைவர் அவருக்குக் கல்லறை வாசகம் இயற்றினார்.

இச்சரிதத்தினின்று நம்மனோர் கொள்ளத்தக்கன இரண்டு என்று கருதுகின்றோம். கணக்கிற் கவனமின்றி வழக்கிற் புகுவோன், கைத்திறன் எத்துணையதாயினும் குடும்பத்தைக் காத்தல் அரிது, இது விலக்கத்தக்கது. செய்பொருளில் ஓர் அணுவளவும் குறைபொறாத உள்ளமும், தானறிந்ததைப் பிறர்க்கு ஒளியாது பயிற்றும் தகைமையும் கொள்ளத்தக்கன. மான்டன் தேடிய பொருள் அவர் காலத்திலேயே அழிந்தது; அவர் பயிற்றிய கைகளோ அவருக்குப் பின்னும் வேலை செய்தன. தொழில் கற்கும் நம் இளைஞரும், கற்பிக்கும் பெரியோரும் இதனை நெஞ்சிற் பதித்து ஒழுகுவாராக.