ஒரே பானம்... ஆளுக்கொரு மனநிலை! பாங்கு குடித்துப் பார்த்த தாமஸ் பௌரியின் கதை

கீழவைப்பார், வேம்பார், புன்னைக்காயல்... இந்த ஊர்களின் பெயரைக் கேட்டாலே முத்துக்குளிப்புதான் ஞாபகத்துக்கு வரும். ஆனா, இப்போ தூத்துக்குடி கடலோரச் செய்திகளைத் தேடிப் பாருங்க. இலங்கைக்குக் கடத்த இருந்த கஞ்சா பறிமுதல், ஐஸ் பறிமுதல்னுதான் அடிக்கடி கண்ணில் படும். அந்தப் பொட்டலத்துக்குள் இருப்பது மூளையை என்ன செய்யும்? இதைத் தெரிஞ்சுக்க, சென்னைக்கு வந்திறங்கிய ஒரு கப்பல் வியாபாரியின் கதை உதவும்.

தாமஸ் பௌரி. 1669-ல் புனித ஜார்ஜ் கோட்டைக்கு வந்த ஆங்கிலேயர். ஏறக்குறைய 20 வருஷம் கிழக்குக் கடல்களில் கப்பல் ஓட்டி வியாபாரம் செஞ்சார். பார்த்ததை எல்லாம் எழுதி வைக்கிற பழக்கம் அவருக்கு. அதில் ஒரு விநோத அனுபவமும் இருக்கு.

உள்ளூர்க்காரர்கள் பாங்கு குடிப்பதைப் பார்த்த பௌரிக்கும் அவரோட சகாக்களுக்கும் ஆசை வந்தது. கடைத்தெருவில் வாங்கிவரச் சொல்லி, ஆளுக்கு ஏறக்குறைய அரை லிட்டர் குடிச்சாங்க. தெருவில் ஓடி மானம் போகக் கூடாதுன்னு முன்கூட்டியே கதவுகளையும் சாத்திட்டாங்க.

கொஞ்ச நேரத்தில் ஆரம்பிச்சது கூத்து. ஒருத்தர் தரையில் உட்கார்ந்து மத்தியானம் முழுக்க அழுதார். இன்னொருத்தர் பயந்துபோய், பெரிய ஜாடிக்குள் தலையை விட்டு 4 மணி நேரத்துக்கு மேல் அப்படியே கிடந்தார். நாலைந்து பேர் தங்களைச் சக்கரவர்த்தியா நினைச்சு, ஒருத்தரை ஒருத்தர் புகழ்ந்துக்கிட்டாங்க. ஒருத்தர் மரத்தூணோடு சண்டை போட்டு விரல் முட்டியெல்லாம் தோலுரிஞ்சார். பௌரிக்கோ 3 மணி நேரம் வியர்வை கொட்டித் தீர்த்தது. குடிக்கும்போது மனசு எப்படி இருக்கோ, அதையே பாங்கு பெரிசாக்கும்னு அவர் புரிஞ்சுக்கிட்டார்.

அதுக்கான காரணத்தை அறிவியல் ரொம்பப் பின்னாடிதான் கண்டுபிடிச்சது. கஞ்சாவில் போதை தரும் டி.ஹெச்.சி-யை 1964-ல் பிரித்தெடுத்தாங்க. அது போய் ஒட்டும் ஏற்பிகள், மூளையில் ஞாபகம், பயம், உடல் அசைவைக் கவனிக்கும் பகுதிகளில் எல்லாம் இருக்கு. அதனால்தான் ஒருத்தருக்குச் சிரிப்பு, இன்னொருத்தருக்குப் பீதி. 1992-ல், மூளை தானாகவே சுரக்கும் இதுமாதிரியான ஒரு பொருளைக் கண்டுபிடிச்சு, 'ஆனந்தம்' என்ற நம்ம ஊர்ச் சொல்லில் இருந்து 'ஆனந்தமைடு'ன்னு பேர் வெச்சாங்க.

மற்ற போதைகளின் வழி வேற. அபின் வலியையும் பதற்றத்தையும் அமுக்கும்; அளவு மீறினா மூச்சையே நிறுத்திடும். ஐஸ், டோபமைனை வெள்ளமா திறந்துவிடும். அது வடிஞ்ச பிறகு வருவது சோர்வு, எரிச்சல், விரக்தி.

பௌரி ஊர் திரும்பி, 1701-ல் முதல் மலாய் - ஆங்கில அகராதியை வெளியிட்டார். 1713-ல் இறந்தார். அவர் எழுதிய பயணக் குறிப்புகள் 1905-ல்தான் புத்தகமா வந்துச்சு.

'என் ஃப்ரெண்டுக்கு ஒண்ணும் ஆகலையே'ன்னு யாராவது உங்ககிட்ட நீட்டினா, அந்த அறையை நினைச்சுக்கோங்க. எல்லாரும் குடிச்சது ஒரே பானம்தான். யார் சக்கரவர்த்தி, யார் ஜாடிக்குள் தலையை விடப்போறாங்கன்னு குடிக்கிறதுக்கு முன்னாடி யாருக்குமே தெரியலை. ஏற்கெனவே பழக்கத்தில் சிக்கி இருக்கீங்களா? 14446 என்ற இலவச எண்ணுக்குத் தயங்காமப் பேசுங்க.