மனுவேல் கார்சியா

மனுவேல் கார்சியா (மார்ச் 17, 1805 – ஜூலை 1, 1906) ஸ்பெயின் நாட்டில் பிறந்த இசை ஆசிரியரும் குரல் ஆய்வாளரும் ஆவார். பாடும்போது குரல் நாண்கள் இயங்கும் விதத்தைச் சிறு கண்ணாடியின் உதவியால் நேரில் கண்டு விளக்கினார். மருத்துவர் அல்லாத இவர், குரல்வளை மருத்துவத்தின் முன்னோடிகளுள் ஒருவராகக் கருதப்படுகிறார்.

வாழ்க்கைக் குறிப்பு

இவரது தந்தையும் அதே பெயர் கொண்ட புகழ்பெற்ற பாடகர். மரியா மாலிப்ரான், பவுலின் வியார்டோ ஆகிய பாடகியர் இவரது தங்கையர். 1825 இல் குடும்பத்துடன் நியூயார்க் சென்று இசைநாடகங்களில் பாடினார். குரல் நலிவுற்றதால் இளமையிலேயே மேடையைத் துறந்து, பாரிஸ் நகரில் பாடல் ஆசிரியரானார். அங்கு இராணுவ மருத்துவமனைகளில் குரல்வளையின் உடற்கூற்றைக் கற்றார். 1840 இல் மனிதக் குரல் பற்றிய ஆய்வுரையைப் பிரெஞ்சு அறிவியல் கழகத்திடம் அளித்தார். 1848 இல் லண்டனில் குடியேறி, அரச இசைக் கழகத்தில் 1895 வரை கற்பித்தார்.

சுவீடனைச் சேர்ந்த பாடகி ஜென்னி லிண்ட், மிகையாகப் பாடியதால் குரல் கெட்ட நிலையில் 1841 இல் இவரை நாடினார். கார்சியா முதலில் அவருக்குக் குரல் ஓய்வு விதித்தார். பின்னரே பயிற்சி அளித்தார். லிண்ட் குரல் மீளப்பெற்று உலகப் புகழ் அடைந்தார்.

குரல்வளை ஆய்வு

1854 இல் பல் மருத்துவர் பயன்படுத்தும் நீண்ட கைப்பிடியுடைய சிறு கண்ணாடி ஒன்றை வாங்கினார். மூச்சுக் காற்றால் அது மங்காதிருக்க வெந்நீரில் சூடாக்கி, உள்நாக்கின் மீது பொருத்தினார். மற்றொரு கண்ணாடியால் சூரிய ஒளியை அதன்மேல் திருப்பித் தம் குரல்வளையைத் தாமே கண்டார். இதற்கு முன்பே 1829 இல் பெஞ்சமின் பாபிங்டன் இத்தகைய கருவி ஒன்றை அமைத்திருந்தார். ஆயினும் பாடும் குரலின் இயக்கத்தை இம்முறையில் முறையாக ஆராய்ந்தவர் கார்சியாவே. இவரது கண்டறிதல்கள் 1855 இல் லண்டன் அரச கழகத்தில் முன்வைக்கப்பட்டன.

குரல் நாண்களின் இடைவெளி மாறி மாறித் திறந்து மூடுவதால் காற்று துண்டு துண்டாக வெளிப்பட்டு ஒலி பிறக்கிறது என அவர் விளக்கினார். இடைவெளி நன்கு மூடினால் குரல் தெளிவாகவும், முழுமையாக மூடாவிடில் காற்று வீணாகிக் குரல் மங்கலாகவும் ஒலிக்கும் என்றும் கருதினார்.

தாக்கம்

வியன்னாவில் லுட்விக் டூர்க், பெஸ்ட் நகரில் யோஹான் செர்மாக் ஆகியோர் 1857–1858 இல் இம்முறையை நோயறியும் கருவியாக்கினர். சூரிய ஒளிக்கு மாற்றாகச் செர்மாக் செயற்கை ஒளியைப் பயன்படுத்தினார்.

குரல் நாண்கள் நொடிக்கு நூறு முறைக்கும் மேல் அதிர்வதால், ஒவ்வொரு அதிர்வையும் வெறுங்கண்ணால் பிரித்தறிய இயலாது. 1878 இல் ஓர்டெல் விட்டு விட்டு ஒளிரும் ஒளியால் அதிர்வை மெதுவாகத் தோன்றச் செய்தார். 1957 இல் பாப்ரே, கழுத்தின் குறுக்கே மெல்லிய மின்னோட்டம் செலுத்தி நாண்கள் தொடும் கால அளவைப் பதிவு செய்யும் முறையை அறிமுகப்படுத்தினார். நாண்கள் மூடியிருக்கும் நேரம் ஒவ்வொரு அதிர்விலும் எத்தனை விழுக்காடு என்பது, நலமான குரலையும் நோயுற்ற குரலையும் ஒப்பிட உதவும் அளவுகளுள் ஒன்றாக இன்று பயன்படுகிறது. கார்சியா கண்ணால் கண்டு கூறியதே இங்கு எண்ணாக அளக்கப்படுகிறது.

சிறப்புகள்

1862 இல் கேனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகம் இவருக்கு மதிப்புறு மருத்துவர் பட்டம் வழங்கியது. 1905 இல் இவரது நூறாவது பிறந்தநாள் லண்டனில் கொண்டாடப்பட்டது. பிரித்தானிய, ஸ்பானிய, செருமானிய அரசர்கள் அப்போது இவரைச் சிறப்பித்தனர். அடுத்த ஆண்டு லண்டனில் 101 ஆம் வயதில் காலமானார்.