ஸ்டான்லி ஜாக்சன்

இங்கிலாந்தின் வடபகுதியில் யார்க்‌ஷயர் என்னும் கவுண்டி உள்ளது. கவுண்டி என்பது நம் நாட்டின் மாவட்டம் போன்ற ஒரு நிலப்பிரிவு. அந்நாட்டின் பெரிய கிரிக்கெட் அணிகள் கவுண்டிகளின் பெயராலேயே வழங்குகின்றன. யார்க்‌ஷயரைச் சேர்ந்த லீட்ஸ் நகரை அடுத்து, 1870 நவம்பர் 21 அன்று ஸ்டான்லி ஜாக்சன் பிறந்தார். அவர் தந்தை தோல் வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டி, நாடாளுமன்ற உறுப்பினராகவும் விளங்கியவர்.

ஜாக்சன் ஹாரோ பள்ளியில் பயின்றார். இளைய மாணவர்கள் மூத்தோருக்குச் சிறு பணிகள் செய்வது அந்நாளில் அப்பள்ளியின் வழக்கமாக இருந்தது. அவ்வாறு ஜாக்சனுக்குப் பணி செய்த சிறுவர்தான் பின்னாளில் இங்கிலாந்தின் தலைமை அமைச்சரான வின்ஸ்டன் சர்ச்சில்!

பின்னர் ஜாக்சன் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் சென்று, 1892, 1893 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அதன் அணித்தலைவராக இருந்தார். அங்கே ரஞ்சித்சிங் என்னும் இந்திய மாணவரும் பயின்றார். அவர் மட்டையைக் கையாண்ட முறை ஆங்கிலேயருக்குப் புதியது. அவர் ஆட்டத்தைக் கண்டும், ஜாக்சன் 1892-இல் அவரை அணியில் சேர்க்கவில்லை. இந்தியர்பால் அந்நாளில் தமக்குப் பரிவு குறைவாக இருந்தது எனப் பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார். அவ்வாண்டின் குளிர்காலத்தில், ஹாக் பிரபுவின் அணியுடன் ஜாக்சன் இந்தியாவுக்கு வந்தார். பம்பாயில் பார்சி அணி அவ்வணியை வென்றது. நாடு திரும்பிய ஜாக்சன் 1893-இல் ரஞ்சித்சிங்குக்கு அணியில் இடமளித்தார். இந்தியர் ஒருவரைச் சேர்ப்பது அக்காலத்தில் எளிய செயலன்று. 1896-இல் ரஞ்சித்சிங் இங்கிலாந்துக்காக முதன்முறை டெஸ்ட் ஆடி, ஆட்டமிழக்காமல் 154 ஓட்டங்கள் குவித்தபோது, ஜாக்சனும் அதே அணியில் இருந்தார். இன்று நம் மாநில அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பை அவர் பெயரால் அமைந்ததே.

ஜாக்சன் சிறந்த மட்டையாளர், பந்துவீச்சிலும் வல்லவர். 1902-இல் வலிமை மிக்க ஆஸ்திரேலிய அணியை யார்க்‌ஷயர் வெறும் 23 ஓட்டங்களில் சுருட்டியது. அன்று ஜாக்சன் ஐந்து விக்கெட்டுகளையும், ஹர்ஸ்ட் என்பவர் ஐந்து விக்கெட்டுகளையும் வீழ்த்தினர். எனினும் அவர் ஊதியம் பெற்று ஆடியவர் அல்லர். பிற கடமைகள் குறுக்கிட்டதால், பல ஆட்டங்களை அவர் விட்டுவிட நேர்ந்தது. ஆஸ்திரேலியாவுக்கு அவர் ஒருமுறையும் செல்லவில்லை. அவருடைய 20 டெஸ்டுகளும் இங்கிலாந்து மண்ணிலேயே நடந்தன.

1905-இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான தொடரில் அவர் இங்கிலாந்தின் தலைவரானார். எதிரணித் தலைவர் ஜோ டார்லிங். வியப்பு என்னவெனில், இருவரும் ஒரே ஆண்டில், ஒரே நாளில் பிறந்தவர்கள். ஐந்து டெஸ்டுகளிலும் நாணயச் சுழற்சியில் ஜாக்சனே வென்றார். ஆனால் ஓட்டங்களை நாணயம் எடுத்துத் தராது அல்லவா? முதல் டெஸ்டில் ஒரே ஓவரில் டார்லிங் உட்பட மூவரை வெளியேற்றினார். தொடர் முழுவதும் 492 ஓட்டங்கள் எடுத்தார். மட்டையிலும் பந்துவீச்சிலும் இரு அணியினரையும் விஞ்சிய சராசரி அவருடையதே. இங்கிலாந்து 2-0 எனத் தொடரை வென்றது.

பின்னர் அவர் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1927-இல் வங்காளத்தின் ஆளுநராக மீண்டும் இந்தியா வந்தார். இம்முறை அவர் வந்தது ஆடுவதற்கு அன்று, ஆள்வதற்கு. அப்போது வங்காளத்தில் விடுதலை வேட்கை கொழுந்துவிட்டு எரிந்தது. இளைஞர் பலர் விசாரணையின்றிச் சிறைப்படுத்தப்பட்டனர். பல்கலைக்கழகத்தின் வேந்தரும் ஆளுநரே. 1932 பிப்ரவரி 6 அன்று கல்கத்தாப் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் ஜாக்சன் உரையாற்றினார். பட்டம் பெற வந்திருந்த பீனா தாஸ் என்னும் மாணவி, மறைத்து வைத்திருந்த கைத்துப்பாக்கியால் அவரை நோக்கி ஐந்து முறை சுட்டார். குண்டுகள் குறி தவறின. ஜாக்சன் உயிர் தப்பினார். துணைவேந்தர் ஹசன் சுக்ரவர்தி விரைந்து மாணவியைப் பிடித்தார். அடிமைப்பட்ட நாட்டுக்காகவே சுட்டதாகப் பீனா தாஸ் நீதிமன்றத்தில் தயங்காது கூறினார். அவருக்கு ஒன்பது ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

அவ்வாண்டே ஜாக்சனின் பதவிக்காலம் முடிந்தது. நாடு திரும்பிய அவர், 1934-இல் இங்கிலாந்து அணியின் தேர்வுக்குழுத் தலைவராகப் பணியாற்றினார். 1947 மார்ச் 9 அன்று லண்டனில் காலமானார். இந்தியா விடுதலை பெற அப்போது ஐந்து திங்களே எஞ்சியிருந்தன.