கப்பல் ஓட்டிய வக்கீல்

சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே உள்ள ஊர் கோவில்பட்டி. ஒரு காலத்தில் அங்கே ஒரு வக்கீல் தொழில் நடத்தி வந்தார். கோர்ட்டில் அவர் எழுந்து நின்றால் ஜனங்கள் ஆச்சரியத்தோடு பார்ப்பார்கள். ஏனென்றால், அவரே ஒரு சமயம் கைதிக் கூண்டில் நின்றவர்; நாற்பது வருஷத் தண்டனை விதிக்கப்பட்டவர். அவர்தான் வ. உ. சிதம்பரம் பிள்ளை.

1872-ம் வருஷம் செப்டம்பர் 5-ந் தேதி ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தை உலகநாத பிள்ளையும் வக்கீல்தான். மகனும் திருச்சியில் சட்டம் படித்து, 1895-ல் சொந்த ஊரில் தொழில் தொடங்கினார். ஏழைகளின் வழக்கென்றால் பணத்தைப் பெரிதாக எண்ண மாட்டார். 1900-ல் தூத்துக்குடிக்குக் குடிபோனார்.

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே அப்போது வெள்ளைக்காரக் கம்பெனியின் கப்பல்தான் ஓடியது. நம் நாட்டு வியாபாரம் நம்முடைய கப்பலில் ஏன் போகக் கூடாது என்று நினைத்தார் வக்கீல். 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி உருவாயிற்று. ஒரு பங்கு 25 ரூபாய். காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்தன. வெள்ளைக்காரக் கம்பெனி பதறிப்போய்க் கட்டணத்தைக் குறைத்தது. வருமானமுள்ள வக்கீல் தொழிலை விட்டு, இந்தப் போட்டியில் இறங்க எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்?

1908-ல் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பிள்ளை அவர்கள் பக்கம் நின்றார். கூலி உயர்ந்தது. சர்க்காரின் கோபமும் உயர்ந்தது. மார்ச் 12-ந் தேதி அவரைக் கைது செய்தார்கள். திருநெல்வேலியில் வழக்கு நடந்தது. நீதிபதி பின்ஹே இரண்டு ஆயுள் தண்டனை விதித்தார். அப்பீலில் தண்டனை குறைந்தது. ஆனாலும் கோயமுத்தூர் ஜெயிலில் மாடு இழுக்கும் செக்கை அவர் இழுத்தார். பிறகு கண்ணனூர் ஜெயில். அவர் உள்ளே இருக்கும்போதே கம்பெனி கலைந்தது, கப்பல்கள் கைமாறின.

1912 டிசம்பரில் விடுதலையானார். ஆனால் வக்கீல் சன்னது பறிபோயிருந்தது. வேறு தொழில் தெரியாதவர் என்ன செய்வார்? சென்னையில் சின்னச் சின்ன வியாபாரம் செய்து பார்த்தார். குடும்பம் நடக்கவில்லை. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்காகத் திரட்டிய பணம் காந்தியடிகள் வழியாகத் தாமதித்து வந்து சேர்ந்தது.

கடைசியில் சன்னதைத் திரும்ப வாங்கிக் கொடுத்தவர் வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி. 1908-ல் அதே வழக்கின் முதல் விசாரணையை நடத்தியவரும் அவர்தான்! பிள்ளை அதை மறக்கவில்லை. தம் மகன் ஒருவனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். வெள்ளைக்காரரின் ஆட்சியை எதிர்த்தவர், ஒரு வெள்ளைக்காரரின் பெயரை வீட்டில் தினமும் கூப்பிட்டு வந்தார்.

சன்னது கிடைத்ததும் கோவில்பட்டியில் தொழில் நடத்தினார். 1932-ல் தூத்துக்குடிக்கே திரும்பினார். 1936 நவம்பர் 18-ந் தேதி அங்கே காலமானார்.