குழந்தை உள்ளம் அறிந்த கல்வியாளர் டாக்டர் ஜாகிர் உசேன்

இந்தியாவின் மூன்றாவது குடியரசுத் தலைவராக டாக்டர் ஜாகிர் உசேன் அவர்களை அனைவரும் அறிவோம். அப்பெருந்தகை தமது வாழ்வின் 22 ஆண்டுகளை வறுமையில் தத்தளித்த ஒரு கல்வி நிலையத்துக்கே அளித்தார் என்பது பலர் அறியாத செய்தியாகும்.

அவர் 1897 பிப்ரவரி 8 அன்று ஹைதராபாத்தில் பிறந்தார். பத்து வயதில் தந்தையை இழந்தார். எட்டாவா நகரின் இஸ்லாமியா உயர்நிலைப் பள்ளியில் பயின்றுகொண்டிருந்தபோது, 1911இல் தாயாரும் பிளேக் நோய்க்குப் பலியானார். அப்பள்ளித் தலைமையாசிரியர் சையத் அல்தாப் உசேன் அவர்களின் பரிவும் ஒழுக்கமும் அவரது உள்ளத்தில் ஆழப் பதிந்தன. பெற்றோரை இழந்த சிறுவனுக்குப் பாடத்துக்கு அப்பாலும் ஆசிரியர் தேவை என்பதை அவர் தமது வாழ்விலேயே கண்டறிந்தார்.

1920இல் அலிகரில் ஜாமியா மில்லியா இஸ்லாமியா தோன்றியபோது அதன் தொடக்கப் பணியில் பங்கேற்றார். பின்னர் பெர்லின் பல்கலைக்கழகத்தில் பொருளாதார ஆய்வுப் பட்டம் பெற்றார். நிதியின்றி ஜாமியா மூடப்படும் நிலையை அடைந்ததை அறிந்து, 1926இல் தாயகம் திரும்பி, 29 வயதில் அதன் துணைவேந்தரானார். 1928இல் அவரும் ஆசிரியர்களும், மாதம் 150 ரூபாய்க்கு மிகாத ஊதியத்தில் 20 ஆண்டுகள் பணியாற்ற உறுதிமொழி ஏற்றனர்.

வறுமையிலும் ஜாமியா பள்ளி குழந்தைகளின் மனவளர்ச்சியைப் புறக்கணிக்கவில்லை. பிள்ளைகளே கடையும் சேமிப்பு வங்கியும் நடத்தினர். அதன்மூலம் நாணயத்தையும் கூடி வாழும் பண்பையும் கற்றனர். ஜெர்மனியிலிருந்து வந்த கெர்டா பிலிப்ஸ்போர்ன் அம்மையார் இளஞ்சிறார்களை அன்னைபோல் பேணினார். பிள்ளைகளுக்கு அவர் 'ஆபா ஜான்'. 1935 மார்ச் 1 அன்று ஓக்லாவில் புதிய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியவர் எந்தப் பிரமுகரும் அல்லர். பள்ளியின் மிக இளைய மாணவர் அப்துல் அஜீஸ்.

ஒரு நாள் ஜாகிர் உசேன் பள்ளிக் குழந்தைகளுக்கு இனிப்பு வழங்கிக்கொண்டிருந்தபோது, தமது சின்னஞ்சிறு மகள் இறந்த செய்தி அவர் காதில் சொல்லப்பட்டது. குழந்தைகளின் மகிழ்ச்சி குலையக்கூடாது என்று கருதி, இறுதிவரை வழங்கி முடித்த பின்னரே வீடு சென்றார் என்று அவரது வரலாறு கூறுகிறது.

1937இல் வார்தா கல்வி மாநாட்டையொட்டி அமைந்த ஆதாரக் கல்விக் குழுவின் தலைவராகக் கைத்தொழில் வழிக் கல்வித் திட்டத்தை வகுத்தார். பீகார் ஆளுநர், குடியரசுத் துணைத் தலைவர் பதவிகளை வகித்து, 1967இல் குடியரசுத் தலைவரானார். 1969 மே 3 அன்று பதவியில் இருக்கும்போதே மறைந்தார். ஜாமியா வளாகத்திலேயே நல்லடக்கம் செய்யப்பட்டார். நமது மாநிலத்தில் இளையான்குடிக் கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பனியன் தொழிலில் ஷிப்ட் முடித்துக் களைப்போடு திரும்பும் நம்மில் பலர், பிள்ளைகளிடம் மதிப்பெண்ணை மட்டுமே கேட்கிறோம். இன்று யாருடன் விளையாடினாய், மனம் வருந்தியதா என்றும் கேட்போமாக! தந்தையற்ற பிள்ளைகள் நமது மஹல்லாவிலும் உள்ளனர். அவர்களுக்குக் கட்டண உதவியுடன், தோளில் கை வைத்துப் பேசும் ஒரு பெரியவரும் கிடைக்க வேண்டும். அதுவே அப்பெருமகனாரின் வாழ்வு நமக்கு உணர்த்தும் பாடமாகும்.