பல்லாவரத்தில் கிடைத்த ஒரு கல்... குடியம் குகை வரை போன ராபர்ட் புரூஸ் ஃபுட் யார்?

திருமுக்கூடல் பாலத்தில் போகும் ஜல்லி லாரிகளைப் பார்த்திருப்பீங்க. நமக்கு அது வெறும் கல். ஆனா 1863 மே 30-ம் தேதி, இதே பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில், பல்லாவரம் சரளைக் குழி ஒன்றில் கிடந்த கல்லை ஒருவர் கையில் எடுத்துப் பார்த்தார். இந்திய வரலாற்றின் தொடக்கமே பல லட்சம் ஆண்டுகள் பின்னால் போனது.

அவர்தான் ராபர்ட் புரூஸ் ஃபுட். இங்கிலாந்தின் செல்டன்ஹாமில் 1834-ல் பிறந்தவர். 1858-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து சென்னை வந்தார். தொல்லியல் அவருடைய வேலையே இல்லை. பாறைகளை ஆராய்வதுதான் உத்தியோகம். இன்னொரு சுவாரசியம்: அவர் மனைவி எலிசபெத், பீட்டர் பெர்சிவலின் மகள். ஆமாம், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரோடு சேர்ந்து பைபிளைத் தமிழாக்கிய அதே பெர்சிவல்!

அந்தக் கல்லில் என்ன இருந்தது?

அது மனிதன் செதுக்கிய கைக்கோடரி. ஐரோப்பாவில் இப்படிப்பட்ட கருவிகள் பற்றிய விவாதம் அப்போதுதான் சூடுபிடித்திருந்தது. அதைப் படித்திருந்ததால் ஃபுட்டுக்குப் பார்த்ததும் பிடிபட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் சக ஆய்வாளர் வில்லியம் கிங்குடன் கொசஸ்தலை ஆற்றுப் பகுதிக்குப் போனார். அங்கே அத்திரம்பாக்கத்தில் கருவிகள் ஏராளமாகக் கிடைத்தன. அந்தக் கருவிகளின் வயது 15 லட்சம் ஆண்டுகள் வரை போகும் என்று சாந்தி பப்பு குழுவினர் 2011-ல் அறிவித்தார்கள். ஃபுட்டே இவ்வளவு எதிர்பார்த்திருக்க மாட்டார்.

பக்கத்துக் காட்டில் உள்ள குடியம் குகையை வெளியுலகுக்குச் சொன்னதும் இவரே. கூழாங்கற்கள் பதிந்த பாறைக்கு அடியில் பெரிய வாய் திறந்த மாதிரி இருக்கும் இடம் அது. 1960-களில் நடந்த அகழாய்வில் அங்கும் கற்கருவிகள் கிடைத்தன. 1884-ல் வறண்ட கர்நூல் பக்கம் பில்லா சுர்கம் குகைகளை ஃபுட் ஆராயப் போனார். அங்கே அவர் மகன் ஹென்றியும் சேர்ந்து தோண்டினார். காண்டாமிருகம் உள்ளிட்ட விலங்குகளின் எலும்புகள் வெளியே வந்தன. காண்டாமிருகம், கர்நூலில்!

ஓய்வுக்குப் பிறகு ஏற்காட்டில் குடியேறினார். வாழ்நாள் முழுக்கச் சேர்த்த கருவிகள் 1904-ல் சென்னை அரசு அருங்காட்சியகத்துக்கு வந்தன. 1912-ல் கல்கத்தாவில் இறந்தார். அவர் எழுதிய பட்டியல் நூல் அச்சானது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து.

இன்றைய சிக்கல் என்ன?

கருவி எந்த மண் அடுக்கில் கிடந்தது என்பதை வைத்துத்தான் அதன் வயதைச் சொல்ல முடியும். அதனால் சரளை அள்ளினாலும் ஆபத்து, ஞாபகார்த்தமா ஒரு கல்லைப் பையில் போட்டு வந்தாலும் ஆபத்து. எடுத்த கல்லைத் திரும்ப வைத்தாலும் அந்த அடுக்கு திரும்பாது. குகைப் பாறையில் பெயர் கிறுக்குவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

குடியம் போக நினைப்பவர்கள் முதலில் பூண்டியில் உள்ள தொல்லியல் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிடுங்கள். கைக்கோடரி எப்படி இருக்கும் என்று அங்கே தெரிந்துகொள்ளலாம். குகை காட்டுக்குள் இருப்பதால் வனத்துறையிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள், தண்ணீர் கொண்டுபோங்கள்.